கண்ணுக்குள் வெண்துகள், அழுத்தம் 24: என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு வயது 68. கண்ணாடி மாற்றப் போனபோது, கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, "வலது கண்ணில் சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் இருக்கிறது, வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது" என்றார்கள். காற்று ஊதும் கருவியில் வலது கண் அழுத்தம் 24, இடது 17. நரம்பு நன்றாக இருக்கிறதாம். புரையும் ஆரம்பித்திருக்கிறது. வலி, சிவப்பு எதுவும் இல்லை. ரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, கண்ணில் ஏன் அழுத்தம்? பொடியைக் கழுவி எடுத்துவிட முடியாதா? புரையை எடுத்தால் இதுவும் போய்விடும் என்கிறார் ஒருவர். புரை முற்றட்டும் என்கிறார் இன்னொருவர். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரும், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரையும் எடுக்கிறேன். சொட்டு மருந்து போட்டால் ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா? பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்:

ஐயா, உங்களுக்கு இது பார்வை கெடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அதுவே பெரிய நன்மை. இந்த நோய் உள்ள பலர், ஒரு கண்ணில் பார்வை நரம்பு பாதி அழிந்த பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். கண்மணியை விரித்துப் பார்த்ததால்தான் உங்களுக்கு இது தென்பட்டது. விரிக்காமல் பார்த்தால் ஆரம்ப நிலையில் எளிதில் தவறிப்போகும்.

முதலில் அந்தப் பொடி என்ன என்பதைச் சொல்கிறேன். அது வெளியிலிருந்து விழுந்த தூசி அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் மேலுறை, கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற நிறத் திரை, அதற்குப் பின்னால் கண்நீரைச் (கண்ணுக்குள்ளேயே ஓடும் தெளிந்த நீர்; அழும்போது வரும் கண்ணீர் அல்ல) சுரக்கும் சிலியரி பகுதி ஆகியவற்றின் செல்கள், ஒரு குறைபாடுள்ள நார்ப்பொருளை உருவாக்குகின்றன. திசுக்களுக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டிக் இழைகள் ஒழுங்காகப் பின்னப்படாமல் கட்டியாகி, பொடுகு போன்ற வெண்செதில்களாக உதிர்ந்து, கண்ணுக்குள் எங்கெல்லாம் இடம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. 1917-ல் பின்லாந்தைச் சேர்ந்த ஜான் லிண்ட்பெர்க் என்ற கண் மருத்துவர் இதை முதன்முதலில் விவரித்தார். 50 வயதுக்கு முன் இது அரிது. 60-க்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டிலும் கூடிக்கொண்டே போகும்.

லென்ஸின் முன்பக்கத்தில் இது ஒரு தனித்த வடிவத்தில் படியும். நடுவில் வட்டமாக ஒரு மெல்லிய படலம், ஓரத்தில் சொரசொரப்பான வளையம், இரண்டுக்கும் இடையே பளிச்சென்று தெளிவான ஒரு பட்டை. இந்தத் தெளிவான பட்டை எப்படி வந்தது என்பதில்தான் நோயின் சூட்சுமம் இருக்கிறது. வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்மணி சுருங்கி விரியும்போதெல்லாம் ஐரிஸின் பின்புறம் அந்த இடத்தில் உரசி, பொடியைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. சொரசொரப்பான பரப்பில் நாள் முழுக்க உரசுவதால் ஐரிஸிலிருந்தும் கறுப்பு நிறமிகள் உதிர்கின்றன. வெண்செதிலும் நிறமியும் சேர்ந்து கண்நீரில் மிதந்து போய், அது வெளியேறும் வழியில் தங்கிவிடுகின்றன.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். கண் அழுத்தமும் ரத்த அழுத்தமும் வேறு வேறு. கண்ணின் முன்பகுதியில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் தெளிந்த நீர் சுரந்து, ஐரிஸுக்கும் கார்னியாவுக்கும் (கண்ணின் முன்புறமுள்ள தெளிவான படலம்) இடையிலுள்ள கோணத்தில் இருக்கும் நுண்ணிய வலை வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. சுரப்பும் வடிகாலும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் நிற்கும். உங்கள் வலது கண்ணில் சுரப்பு கூடவில்லை. வடிகால்தான் அடைபடத் தொடங்கியிருக்கிறது. உப்பைக் குறைப்பதோ, ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டுவதோ இதற்கு மருந்தாகாது.

கழுவி எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. லென்ஸ் மேலிருப்பதை அறுவைச் சிகிச்சையின்போது அகற்றலாம். ஆனால் அதை உண்டாக்கும் செல்கள் அங்கேயே இருக்கின்றன. புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்த கண்ணிலும், சில ஆண்டுகள் கழித்து அந்தச் செயற்கை லென்ஸ் மீதே இந்தப் பொடி படிவது உண்டு. ஆகவே "புரை எடுத்தால் இதுவும் போய்விடும்" என்று சொன்னவர் சொன்னது தவறு. வெளியிலிருந்து கண்ணில் எதை ஊற்றினாலும் அது இந்த இடத்துக்குப் போய்ச் சேராது. தயவுசெய்து அப்படி எதையும் முயன்று பார்க்காதீர்கள்.

இந்தப் பொடி இருக்கும் எல்லோருக்கும் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு மெல்ல அழியும் நோய், வருவதில்லை. பலர் வாழ்நாள் முழுக்கப் பொடியோடு, இயல்பான அழுத்தத்தோடு இருந்துவிடுகிறார்கள். அழுத்தம் ஏறினால்தான் சிக்கல். ஏறினால் அது சாதாரணக் கிளாக்கோமாவைவிட வேகமாக ஏறும், அதிக உயரத்துக்குப் போகும், நரம்பை விரைவாகக் கெடுக்கும். ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வில், கிளாக்கோமா தொடங்கியவர்களில் ஒரு பகுதியினரைச் சிகிச்சையின்றி நெருக்கமாகக் கண்காணித்தார்கள். சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் உள்ளவர்களுக்குப் பார்வைப் புலம் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) ஆண்டுக்குச் சராசரியாக 3 டெசிபலுக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. பொடி இல்லாமல் அழுத்தம் மட்டும் கூடியிருந்தவர்களுக்கு அது 1.3 டெசிபல் அளவில்தான் இருந்தது. இந்த அளவுகோலில் 0 என்றால் ஆரோக்கியம், 30-ஐ நெருங்கினால் அந்தக் கண்ணில் பார்வை ஏறத்தாழ இல்லை. ஆண்டுக்கு 3 என்ற வேகத்தில் போனால் பத்து ஆண்டுகளில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைத் தடுக்க வழி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது அந்த 24. இந்த எண்ணை நான் அப்படியே ஏற்கவும் மாட்டேன், ஒதுக்கவும் மாட்டேன். காற்று ஊதும் கருவி முதற்கட்டச் சல்லடைக்குப் போதும். சிகிச்சையை முடிவு செய்யப் போதாது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல ஒளியில் கார்னியாவை மெல்லத் தொட்டு அளக்கும் கோல்ட்மன் முறையில் மறுபடி அளக்க வேண்டும். கார்னியாவின் தடிமனையும் அளக்க வேண்டும். சராசரி சுமார் 540 மைக்ரான். அதைவிடத் தடிமனாக இருந்தால் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மெல்லியதாக இருந்தால் குறைத்துக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 24 என்று வந்தது கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவதற்கு முன்பா, பின்பா? இந்த நோயில் கண்மணியை விரித்தால் ஐரிஸிலிருந்து நிறமிகள் மொத்தமாக உதிர்ந்து, சில மணி நேரத்துக்கு அழுத்தம் எகிறக்கூடும். முன்பே அளந்தது என்றால் 24 என்பது உங்கள் வழக்கமான நிலைக்கு நெருக்கமானது. இனி ஒவ்வொரு முறையும் விரிப்பதற்கு முன் ஒரு தடவையும், விரித்துப் பார்த்து முடித்த பிறகு ஒரு தடவையும் அளக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. இந்த நோயில் அழுத்தம் ஒரே நாளில் பெரிய அளவில் ஏறி இறங்கும். காலை பதினொரு மணிக்கு 18 என்று எழுதியிருக்கும். அதே கண்ணில் விடியற்காலையில் 30 இருந்திருக்கலாம். "போன தடவை அழுத்தம் சரியாகத்தானே இருந்தது" என்று இரண்டு வருடம் வராமல் இருந்துவிட்டுப் பார்வை இழப்பவர்கள் இந்த ஏமாற்றத்தில்தான் சிக்குகிறார்கள். அதனால் அடுத்த இரண்டு மூன்று வருகைகளை வெவ்வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று காலையில் மருத்துவமனை திறந்தவுடன், ஒன்று மாலையில். வசதி இருந்தால், ஒரே நாளில் இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில் பல முறை அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இவற்றோடு கோனியோஸ்கோப்பி என்ற பரிசோதனை கட்டாயம். கண்ணில் ஒரு சிறு கண்ணாடி லென்ஸை வைத்து வடிகால் கோணத்தை நேரடியாகப் பார்ப்பார்கள். நிறமி எவ்வளவு படிந்திருக்கிறது, கோணம் அகலமா குறுகலா என்பது தெரியும். இந்த நோயில் லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் தளர்ந்து, லென்ஸ் முன்னோக்கி நகர்ந்து, கோணம் குறுகிவிடுவதும் உண்டு. அப்படியானால் சிகிச்சையின் திசையே மாறும். கண்மணியை விரித்தால் கோணத்தை ஒழுங்காகப் பார்க்க முடியாது, ஆகவே இதை விரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பிறகு பார்வைப் புலப் பரிசோதனையும், நரம்பு இழைகளின் தடிமனைக் காட்டும் ஓ.சி.டி. படமும். இரண்டையும் நரம்பு நன்றாக இருக்கும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் கழித்து எடுக்கும் படத்தை எதோடு ஒப்பிடுவது? முதல் பார்வைப் புலப் பரிசோதனையில் பலருக்கும் பழக்கமின்மையால் தவறுகள் வரும். இரண்டாவது முறை செய்ததைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அலுத்துக்கொள்ளாதீர்கள்.

மறு அளவீட்டிலும் வலது கண் 24 அல்லது அதற்கு மேல் நின்றால், நரம்பு நன்றாக இருந்தாலும் சிகிச்சையைத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பொடி இல்லாத ஒருவருக்கு இதே 24 இருந்தால் சில காலம் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த அவகாசம் குறைவு. 20-க்குள் வந்துவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்சொன்னபடி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டால் போதும். இடது கண்ணையும் விட்டுவிடாதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் தெரிவது இந்த நோயின் வழக்கம். பலருக்குச் சில ஆண்டுகளில் மறு கண்ணிலும் தலைகாட்டும்.

சிகிச்சை என்றால் இரண்டு வழிகளில் தொடங்கலாம். முதலாவது, இரவில் ஒரே ஒரு முறை விடும் புரோஸ்டாகிளாண்டின் வகைச் சொட்டு மருந்து: லட்டானோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட் ஆகியவை. இவை கண்நீர் வேறொரு வழியாகவும் வடிய வகை செய்து, அழுத்தத்தைச் சுமார் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கும். முதல் சில வாரங்களில் கண் கொஞ்சம் சிவக்கும். இமை முடி நீண்டு அடர்த்தியாகும். இமைத் தோல் கறுக்கலாம். ஒரு கண்ணுக்கு மட்டும் விட்டால் அந்த இமைப் பள்ளம் சற்று ஆழமாகத் தெரியலாம். பார்வைக்கு இவற்றால் கெடுதல் இல்லை. உங்கள் ஆஸ்துமாவுக்கும் இவை பெரும்பாலும் ஒத்துப்போகும்.

ஆனால் டிமோலால் என்ற சொட்டு மருந்து உங்களுக்குக் கூடாது. இது மலிவு, பழையது, நன்றாக வேலை செய்வது, அதனால் பரவலாக எழுதப்படுவது. கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக இறங்கி நேராக ரத்தத்தில் கலந்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரு சொட்டே மூச்சுக்குழாயை இறுக்கி மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். இதயத் துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்கு இன்னும் குறைக்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு மருந்து கலந்த கூட்டுச் சொட்டுகள் பலவற்றில் இரண்டாவது மருந்து டிமோலால்தான். பெட்டியின் முன்பக்கப் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் சேர்மானத்தைப் படியுங்கள். "எனக்கு ஆஸ்துமா" என்பதை ஒவ்வொரு புதிய மருத்துவரிடமும், மருந்துக் கடையிலும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு மருந்து போதாமல் இரண்டாவது தேவைப்பட்டால் டார்சோலமைடு, பிரின்சோலமைடு (சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள், வாயில் கசப்பு வரும்), பிரிமோனிடின் (வாய் உலரும், தூக்கம் வரும், சிலருக்குச் சில மாதம் கழித்துக் கண் அரிப்போடு ஒவ்வாமை வரும்) போன்றவை இருக்கின்றன.

உங்கள் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். இன்ஹேலரில் இந்த அபாயம் குறைவு. அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் கவனிக்க வேண்டும். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். எந்த மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை இழுக்கிறீர்கள் என்பதைக் கண் மருத்துவரிடம் காட்டினால் போதும். பெரிய ஆபத்து எது என்றால், கண் சிவந்தது, அரித்தது என்று கடையில் தானாக வாங்கி விடும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள். வடிகால் ஏற்கெனவே அடைபட்ட கண்ணில் அவற்றை மருத்துவர் சொல்லாமல் விடவே கூடாது.

இரண்டாவது வழி எஸ்.எல்.டி. எனப்படும் லேசர். வடிகால் வலையின் மேல் 100 புள்ளிகள் வரை மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், கத்தி கிடையாது, அன்றே வீட்டுக்குப் போகலாம். கோணத்தில் நிறமி நிறைய இருப்பதால் இந்த நோயில் லேசர் தொடக்கத்தில் நன்றாகவே பிடிக்கும். அதே நிறமிதான் சிக்கலும். லேசர் சக்தியைக் கூடுதலாக உறிஞ்சி, அன்றைக்கே அழுத்தம் எகிறலாம். அதனால் குறைந்த சக்தியில் தொடங்குவார்கள். லேசர் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அழுத்தத்தைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பொடி உதிர்வது நிற்காததால் சில ஆண்டுகளில் பலன் தேயும், சில சமயம் திடீரென்று தேய்ந்துவிடும். லேசர் செய்தாயிற்று என்று வருகையை விட்டுவிட முடியாது. இன்ஹேலர், மாத்திரை என்று ஏற்கெனவே பல மருந்துகளைச் சமாளிக்கும் உங்களைப் போன்றவருக்கு, கோணம் அகலமாக இருந்தால், லேசரை முதலிலேயே கேட்டுப் பார்ப்பது நியாயம்தான். மருந்தும் லேசரும் போதாமல் போனால், கண்நீருக்குப் புதிய வழி திறக்கும் டிரபெகுலெக்டமி அறுவைச் சிகிச்சை இருக்கிறது. இப்போதைக்கு அது உங்களுக்கு வெகு தூரம்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். சொட்டு மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் ஆம். அழுத்தம் இறங்கியது மருந்தால்தான், நிறுத்தினால் ஏறிவிடும். பாட்டில் தீர்ந்து அடுத்தது வாங்குவதற்குள் விழும் நான்கைந்து நாள் இடைவெளிகள் வருடத்தில் பல முறை சேர்ந்தால், அதுவே நரம்புக்குச் சேதம். எப்போதும் ஒரு பாட்டில் கையிருப்பில் இருக்கட்டும்.

விடும் முறையும் மருந்தளவுக்கு முக்கியம். கையைக் கழுவிக்கொண்டு, படுத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ, கீழிமையை இழுத்து ஒரு பை போலாக்கி, பாட்டில் நுனி கண்ணிலோ இமையிலோ படாமல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கண்ணில் தங்குவது அந்த ஒரு சொட்டிலும் ஒரு பகுதிதான்; இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழிந்து வீணாகும். விட்டவுடன் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணைப் படபடவென்று சிமிட்டினால் மருந்து மூக்குக்குள் இறங்கிவிடும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி; இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். கை நடுங்கினால் வீட்டில் ஒருவரை விடச் சொல்லுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகளை நான்கு வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். லட்டானோபிராஸ்டின் சில தயாரிப்புகளைத் திறக்கும்வரை குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையவிடும் பெட்டியில் அல்ல. உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள்.

இனி புரை. "முற்றட்டும்" என்ற அறிவுரையைத்தான் இந்த நோயில் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். லென்ஸ் தன் இடத்தில் நிற்பதற்குக் காரணம், அதைச் சுற்றிலும் பிடித்திருக்கும் சோன்யூல் என்ற நுண்ணிழைகள். இந்தப் பொடி அவற்றின் மீதும் படிந்து, பிடியைப் பலவீனமாக்குகிறது. கூடவே, ஐரிஸ் விறைத்துப்போய்க் கண்மணி சரியாக விரியாது. புரை முற்றி லென்ஸ் கல்லாக இறுகிவிட்டால், குறுகிய துளை வழியாக, தளர்ந்த இழைகளில் தொங்கும் கெட்டியான லென்ஸை உடைத்து எடுக்க வேண்டியிருக்கும். அப்போதுதான் உறை கிழிவதும், இழைகள் அறுவதும், லென்ஸ் துண்டு கண்ணின் பின்புறம் விழுவதும் நடக்கின்றன. இரவில் வண்டி ஓட்டுவதோ படிப்பதோ சிரமமாகும் நிலையில், புரை மென்மையாக இருக்கும்போதே எடுத்துவிடுவது பாதுகாப்பானது. அவசரமும் வேண்டாம், பார்வை உங்களுக்கு இன்னும் போதுமானதாக இருந்தால் காத்திருக்கலாம். முற்றுவதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. புரை எடுப்பதால் அழுத்தம் ஓரளவு குறைவதும் உண்மையே. ஆனால் அதை மட்டும் நம்பிக் கண்காணிப்பை நிறுத்த முடியாது.

டாம்சுலோசின் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அறுவையின்போது ஐரிஸ் தொளதொளத்து, அலை போல் ஆடி, கருவிக்குள் வந்து மாட்டும். அறுவைக்குச் சில நாள் முன்பு நிறுத்துவதால் இது மாறாது. சிறுநீர் அடைத்துக்கொள்வதுதான் மிச்சமாகும். நிறுத்தாதீர்கள், சொல்லுங்கள். எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் அறுவை மருத்துவர் கண்மணியைப் பிடித்து விரிக்கும் கொக்கிகளையோ வளையத்தையோ, லென்ஸ் உறையை உள்ளிருந்து தாங்கும் சி.டி.ஆர். வளையத்தையோ மேசையிலேயே தயாராக வைத்திருப்பார். நடுவில் தெரிந்தால் எல்லாமே கடினம்.

ஆகவே அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "எனக்குச் சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் இருக்கிறது. கண்மணி எவ்வளவு விரிகிறது? லென்ஸ் ஆடுகிறதா? கார்னியாவின் உள்பக்கச் செல்களை எண்ணிப் பார்த்தீர்களா? இந்த வளையங்கள் உங்களிடம் இருக்கின்றனவா?" எந்த நல்ல மருத்துவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். செயற்கை லென்ஸில், தூரமும் கிட்டவும் ஒன்றாகத் தெரியும் மல்டிஃபோக்கல் வகையை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இழைகள் தளர்ந்து லென்ஸ் சற்று நகர்ந்தாலே அதில் பார்வை குழம்பும். பிற்காலத்தில் நரம்பு பாதிக்கப்பட்டால் மங்கல் இன்னும் கூடும். ஒற்றைக் குவிய லென்ஸும், படிக்க ஒரு கண்ணாடியும் போதும்.

அறுவை முடிந்த அன்று மாலையும் மறுநாளும் அழுத்தம் பார்க்கப்பட வேண்டும், இந்தக் கண்களில் அப்போது எகிறுவது வழக்கம். பிறகு விடச் சொல்லும் ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். பல ஆண்டுகள் கழித்து, நன்றாக இருந்த பார்வை திடீரென்று இரண்டாகத் தெரிந்தாலோ, லென்ஸின் ஓரம் பிறை போலத் தெரிந்தாலோ, செயற்கை லென்ஸ் உறையோடு சரிந்திருக்கலாம். அப்போது நாள் தள்ளாமல் போக வேண்டும்.

வலி இல்லையே என்று எழுதியிருந்தீர்கள். இந்த நோய் நரம்பைக் கெடுக்கும் காலம் முழுக்க வலியே இருக்காது என்பதுதான் இதன் கொடுமை. வலி வந்தால் அது வேறு நிலை. கடும் கண் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், மங்கல், அதோடு தலைவலியும் வாந்தியும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே கண் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். சில மணி நேர தாமதத்திலேயே பார்வை போகக்கூடும்.

உணவு, பழக்கம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் நீண்ட நேரம் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. வெளியே போகும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் தொப்பியும் அணிவதில் இழப்பில்லை. நடைப்பயிற்சி நல்லது. தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் செய்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். இந்தப் பொருள் கண்ணில் மட்டுமல்லாமல் தோல், நுரையீரல், இதயம் போன்ற இடங்களிலும் காணப்பட்டிருக்கிறது. இதயநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. உங்கள் வயதில் வழக்கமாகச் செய்யும் பரிசோதனைகளுக்கு மேல் இதற்கென்று தனியாக எதுவும் தேவையில்லை.

பிள்ளைகளைப் பற்றி. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. 2007-ல் ஐஸ்லாந்திலும் ஸ்வீடனிலும் நடந்த ஆய்வில், எலாஸ்டிக் இழைகளைப் பின்னும் வேலையில் ஈடுபடும் லாக்ஸ்-எல்-1 என்ற மரபணுவின் சில வடிவங்கள் இந்த நோயோடு சேர்ந்து வருவது தெரிந்தது. ஆனால் அதே வடிவங்கள் நோயே வராத பெரும்பாலானவர்களிடமும் இருக்கின்றன. எனவே மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பதில் பயனில்லை. உங்கள் பிள்ளைகள் 40 வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 50-க்கு மேல் இருக்கும் உங்கள் உடன்பிறந்தவர்கள் இப்போதே ஒருமுறையும் கண் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிக்கும் பரிசோதனை இதற்குப் போதாது. "எங்கள் வீட்டில் சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் இருக்கிறது, கண்மணியை விரித்து, ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் லென்ஸைப் பாருங்கள்" என்று அவர்கள் மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.